எந்த வார்த்தை என்று எழுதிக் கொடுங்கள்

நான் ஓய்வு பெற்ற பிறகும் காவல் நிலையம் என்னை விடவில்லை. நான்தான் அதை விடவில்லை என்பார் என் வீட்டுக்காரர். என் இடத்துக்கு நிலைய எழுத்தராக வந்திருக்கும் பெண் பாலவனத்தத்துக்காரி. அடிக்கடி போன் செய்வாள். பெரும்பாலும் ஒரே கேள்விதான். யாரோ செல்போனில் எதையோ பேசிப் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துக் கொதித்துப்போய் இன்னொருவர் மனுவோடு வந்து நிற்பார். எந்தப் பிரிவில் போடுவது என்று கேட்பாள். போன தடவை கூப்பிட்டபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

"மேடம், வெளிய ஒரே கூட்டமா நிக்கிறாக. இன்ஸ்பெக்டர் மீட்டிங்குக்குப் போயிட்டாக. எனக்குக் கையெல்லாம் நடுங்குது. நான் என்ன செய்ய?"

அந்த நடுக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். பல வருடம் என்னிடம் இருந்ததுதான். அன்றைக்குச் சொல்ல வேண்டியதைப் போனிலேயே சொன்னேன். அதை எழுதிக் கொடுத்தால் மற்றவர்களுக்கும் ஆகுமே என்றாள். எழுத உட்கார்ந்தால் எனக்கு வேறு ஒரு காலைவேளைதான் முன்னால் வந்து நிற்கிறது.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பயந்த சுபாவம். காக்கிச் சட்டை போட்டால் பயம் போய்விடும் என்று என் அப்பா நம்பினார். போகவில்லை. பயிற்சிப் பள்ளியில் ஓட்டத்திலும் கவாத்திலும் எப்படியோ ஒப்பேற்றினேன். சட்ட வகுப்பில் அரசியலமைப்புப் பாடம் வந்தது. மனதில் பட்டதைப் பேசவும் எழுதவும் எல்லாக் குடிமக்களுக்கும் உரிமை உண்டு என்பது அதில் ஒரு வரி. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, நாகரிகம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்று அதற்கான நியாயமான கட்டுப்பாடுகள் பல வரி. தேர்வில் நான் கட்டுப்பாடுகளை ஒன்றுவிடாமல் எழுதினேன். உரிமையை எழுத மறந்துவிட்டேன். வாத்தியார் முழு மதிப்பெண் போட்டிருந்தார். அவரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

முதலில் அருப்புக்கோட்டையில் எனக்குக் கொடுத்த வேலை சுவர் படிப்பது. காலையில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நடந்து, முந்தின நாள் ஒட்டிய போஸ்டர்களைப் படித்து, வம்பு வரும்படி ஏதாவது இருந்தால் நிலையத்தில் சொல்ல வேண்டும். கண்ணீர் அஞ்சலி, காதணி விழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றையும் படிப்பேன். ஒருநாள் ஒரு நினைவுநாள் போஸ்டரில் இன்னொரு தரப்பைச் சீண்டும்படி ஒரு வரி இருந்தது. ஓடிப்போய்ச் சொல்வதற்குள் கல் பறக்க ஆரம்பித்துவிட்டது. காரியாபட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவின் கன்னத்தில் கண்ணாடி ஏறிவிட்டது. அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் என்னிடம், என்ன சண்டை, யாருக்கும் யாருக்கும் சண்டை என்று கேட்டுக்கொண்டே வந்தார். அந்தப் போஸ்டரில் என்ன இருந்தது என்றே அவருக்குத் தெரியாது.

அன்றிலிருந்து வார்த்தை என்றாலே எனக்குப் பயம். யாராவது எதையாவது பேசிவிட்டார்கள் என்று மனு வந்தால், முதலில் வழக்கைப் போடு, பிறகு யோசிக்கலாம் என்பதுதான் என் கட்சி. வாயை மூடிவிட்டால் கல் பறக்காது அல்லவா? திருச்சுழிப் பக்கம் ஒரு நிலையத்துக்கு எழுத்தராகப் போய், இன்ஸ்பெக்டர் அருளானந்தத்திடம் வேலை பார்க்கும் வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

அவர் ஒல்லியான மனிதர். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. மெதுவாகப் பேசியே எங்கள் எல்லாருக்கும் வேர்க்க வைத்துவிடுவார். சுருக்கிச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஐயா, இவரை அவர் இழிவாகப் பேசிவிட்டார் என்று நான் ஆரம்பித்தால், உடனே கையைக் காட்டி நிறுத்துவார். எந்த வார்த்தை என்பார். எனக்குத் தெரியாது என்றால், தெரிந்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவார்.

பேச்சைப் பற்றி மனு வந்தால் அவருக்கென்று ஒரு முறை உண்டு. மனுதாரரைத் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைப்பார். செல்போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து, முதலிலிருந்து கடைசிவரை, சத்தத்தைக் கூட்டி வைத்து ஓட விடுவார். அது முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. வெட்டின துண்டு மட்டும் இருந்தால் முழுசைத் தேடி எடுக்கச் சொல்வார். முடிந்ததும் ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் நகர்த்துவார். "உங்க மனச நோகடிச்ச வார்த்தைய மட்டும், அவுக சொன்னபடியே, உங்க கையால எழுதிக் குடுங்க" என்பார். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொல்ல, நான் எழுதிப் படித்துக் காட்ட வேண்டும். எழுதத் தெரிந்தவர்களுக்கு நான் எழுதித் தரக் கூடாது.

எழுதின பிறகுதான் அவர் யோசிப்பார். ஒரு ஆளின் பெயரைக் கெடுக்கிற பேச்சு என்றால் அது அவதூறு. அதற்கு நேராக நீதிமன்றத்துக்குப் போகலாம். போலீஸ் தானாக வழக்குப் போட முடியாது. ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்தின் மேல் ஏவிவிடுகிற பேச்சு என்றால் அது எங்கள் வேலை. அடி, வெட்டு, கொளுத்து என்று இருந்தால் அந்த நிமிடமே எங்கள் வேலை. இவை எதிலும் சேராத மனவருத்தங்கள்தான் அதிகம். வந்த புதிதில் அவரிடம், இவ்வளவு வருத்தப்படுகிறாரே, ஒரு வழக்குப் போட்டால் என்ன ஐயா என்று கேட்டேன்.

"மனசு நோகுறது குத்தம் இல்லம்மா. யாருக்கும் மனசு நோகாத ஊரு ஒண்ணு இருந்தாச் சொல்லு, ரெண்டு பேரும் டிரான்ஸ்பர் வாங்கிட்டுப் போயிருவோம்."

கவுன்சிலரைத் தூங்குமூஞ்சி என்று சொல்லிவிட்டான் என ஒருவர் ஆவேசமாக வந்தார். தாளில் தூங்குமூஞ்சி என்று எழுதி, அதைக் கொஞ்ச நேரம் பார்த்து, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பவே இல்லை. அதற்காக இன்ஸ்பெக்டரை எல்லாவற்றையும் விட்டுவிடுகிற ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். இன்னொரு நாள் ஒரு பெரியவர் வந்து எழுத உட்கார்ந்தார். அவர் தெருவையே ஊரைவிட்டுத் துரத்த வேண்டும் என்று எவனோ பேசிப் போட்டிருந்தான். பெரியவர் எழுதி முடிப்பதற்குள் இன்ஸ்பெக்டர் என்னிடம் வழக்கைப் பதிவு செய்யச் சொல்லிவிட்டார்.

இப்போது பவித்ராவின் விஷயத்துக்கு வருகிறேன். பெயர்களையெல்லாம் மாற்றித்தான் சொல்கிறேன்.

பவித்ரா நர்சிங் படித்தவள். அப்பா கருப்பசாமி லோடு வண்டி ஓட்டுகிறார். தாத்தா காலத்தில் அந்த வீட்டில் எல்லாருமே அடுத்தவர் காட்டில் கூலி வேலைக்குப் போனவர்கள். அவர்கள் தெருவில் அரசாங்க வேலைக்குத் தேர்வான முதல் ஆள் அவள்தான். அரசு மருத்துவமனைச் செவிலியர் வேலை. அதற்கு முன் அவள் மேல் வழக்கு ஏதும் உண்டா என்று போலீஸ் விசாரித்து எழுத வேண்டும். அந்த விசாரணைத் தாள் என் மேசைக்கு வந்திருந்தது. நான் வழக்கு இல்லை என்று எழுதினால் வேலை. உண்டு என்று எழுதினால் எத்தனை வருடம் அலைய வேண்டியிருக்கும், கடைசியில் கிடைக்குமா என்பதையெல்லாம் யாராலும் சொல்ல முடியாது.

அந்தச் சமயத்தில் அவளுடைய பெரியப்பா இறந்துபோனார். அந்த ஊரில் மயானத்துக்குப் போகிற பாதை சங்கரலிங்கம் என்பவரின் காட்டை ஒட்டிப் போகிறது. ஊரில் நிலபுலன் உள்ள குடும்பம். பன்றி வந்து மக்காச்சோளத்தை அழிக்கிறது என்று கம்பி வேலி போட்டார். பன்றி அழித்தது உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் வேலி பாதையையும் சேர்த்து வளைத்துவிட்டது. தெருக்காரர்கள் மனுக் கொடுத்து, சர்வேயர் வந்து அளந்து, இது பொதுப் பாதை என்று சொல்லிவிட்டுப் போனார். வேலி நகரவில்லை. கேஸு வேண்டாம், வழி போதும் என்று தெருப் பெரியவர்களும் பொறுத்திருந்தார்கள்.

பெரியப்பாவை எடுத்த அன்றைக்கு நல்ல மழை. கரிசல் காட்டில் மழை பெய்தால் கால் வைக்க முடியாது. வேலியைச் சுற்றிக் காட்டுக்குள் தூக்கிப் போனபோது ஒரு ஆளின் கால் புதைந்து பாடை சரிந்தது. பவித்ரா அதைச் செல்போனில் எடுத்தாள். எடுத்துக்கொண்டே பேசினாள். அவள் பேசியது இவ்வளவுதான்:

"சர்வேயர் வந்து அளந்து இது பொதுப் பாதைன்னு சொல்லிட்டுப் போயிட்டாக. சங்கரலிங்கம் ஐயா வேலிய எடுக்கல. எங்க பெரியப்பாவச் சகதிக்குள்ள தூக்கிட்டுப் போறோம். செத்த பெறகும் எங்களுக்கு வழி விட மாட்டீகளா?"

மறுநாளுக்குள் மாவட்டம் முழுக்க அதைப் பார்த்துவிட்டார்கள். ஊர்ப் பையன்கள் டீக்கடையில் இரண்டு பக்கமாக உட்கார ஆரம்பித்தார்கள். வீடியோவுக்குக் கீழே சங்கரலிங்கத்தின் தங்கை மகன் அவளை என்ன செய்யப் போகிறேன் என்று எழுதியிருந்ததை இங்கே எழுத எனக்குக் கூசுகிறது. திருப்பூரில் வேலை பார்க்கும் அவள் தெருப் பையன் ஒருவன், சங்கரலிங்கத்தின் வைக்கோல் படப்புக்கு ஒரு தீக்குச்சி போதும் என்று எழுதியிருந்தான். இன்ஸ்பெக்டர் இரண்டு பேர் மேலும் வழக்குப் போட்டு, இரண்டு பேருக்கும் நோட்டீஸ் அனுப்பினார். பாதிக்கப்பட்ட எங்கள் பக்கத்துப் பையனுக்குமா நோட்டீஸ் என்று கருப்பசாமி வந்து நின்றார்.

"கோவம் குத்தம் இல்லப்பா" என்றார் இன்ஸ்பெக்டர். "கொளுத்துவேன்னு சொன்னா அது குத்தம்."

அடுத்து சங்கரலிங்கத்தின் மனு வந்தது. அருப்புக்கோட்டையில் டைப் அடித்து, பவித்ரா தன் வீடியோவால் சமூகங்களுக்கு இடையே பகையை மூட்டிவிட்டாள் என்று சட்ட வாசகத்திலேயே எழுதியிருந்தார்கள். யாரோ விஷயம் தெரிந்தவர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அவதூறு என்றால் போலீஸ் கைது செய்யாது என்பதும், பகை மூட்டுதல் என்றால் செய்யலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. புதிய சட்டம் வந்து பிரிவு எண்களெல்லாம் மாறியிருந்த நேரம் அது. இந்த மாதிரி மனுவில் வழக்குப் போடுவதற்கு முன், முகாந்திரம் இருக்கிறதா என்று விசாரித்துப் பார்க்கப் புதிய சட்டத்தில் இடம் உண்டு. அதற்குத் துணைக் கண்காணிப்பாளரின் அனுமதி வேண்டும். அதை வாங்க இன்ஸ்பெக்டர் காலையிலேயே கிளம்பிப் போனார். விசாரணைக்காகப் பவித்ராவையும் கருப்பசாமியையும் அன்றைக்கே வரச் சொல்லியிருந்தார்.

அவர் ஜீப் போன கொஞ்ச நேரத்தில் கூட்டம் வந்தது. டிராக்டரிலும் பைக்கிலும் வந்து இறங்கினார்கள். அவளைக் கைது செய்யாவிட்டால் ரோட்டில் உட்காருவோம் என்றார்கள். எதிரே டீக்கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கினார். ஷட்டர் சத்தம் கேட்டதும் எனக்குக் காரியாபட்டி பஸ்ஸின் கண்ணாடி ஞாபகம் வந்துவிட்டது.

நிலையத்தில் பொறுப்பில் இருந்தது புதிதாக வேலைக்கு வந்திருந்த உதவி ஆய்வாளர். நல்ல பையன். அவர் போன் ஓயவில்லை. யார் யாரோ மேலிருந்து பேசினார்கள். பேசிவிட்டு என்னிடம் வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"மேடம், இப்ப எஃப்.ஐ.ஆர். போட்டுருவோம். பெறகு கோர்ட்ல பாத்துக்கிடலாம். அவுக ரோட்டுல உக்காந்துட்டா எனக்குத்தான் மெமோ."

பவித்ரா என் முதுகுக்குப் பின்னால் பெண்கள் உதவி மைய அறையில்தான் இருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். சான்றிதழ் இருந்த பிளாஸ்டிக் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கருப்பசாமி எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். இந்தக் காலத்தில் முதல் தகவல் அறிக்கை என்பது தாளில் எழுதிக் கிழித்துப் போடுகிற சங்கதி இல்லை. உள்ளே ஏற்றி ஒரு எண் விழுந்துவிட்டால் பிறகு இன்ஸ்பெக்டர் வந்தாலும் அழிக்க முடியாது. எதிரியின் பெயர், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர் என்ற கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. என் மேசை இழுப்பறையில் அவளுடைய விசாரணைத் தாள். நான் கையைத் தூக்கினேன், மறுபடி வைத்தேன். வெளியே சத்தம் கூடியது. எனக்கு உண்மையிலேயே வழக்கைப் போட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. போட்டுவிட்டால் கூட்டம் போய்விடும். யார் கன்னத்திலும் கண்ணாடி ஏறாது. ஆனால் என்ன வார்த்தைக்காகப் போட்டேன் என்று சாயங்காலம் இன்ஸ்பெக்டர் கேட்பாரே. எந்த வார்த்தை என்று நான் சொல்வேன்? கூட்டத்துக்குப் பயந்ததைவிட அந்தக் கேள்விக்கு நான் அதிகமாகப் பயந்தேன்.

எழுந்து உதவி ஆய்வாளரிடம் போனேன். நம் நிலையத்து வழக்கப்படி மனுதாரர் முழு வீடியோவையும் பார்த்து வார்த்தையை எழுதித் தர வேண்டும், அது இல்லாமல் ஏற்றினால் இன்ஸ்பெக்டர் நம் இரண்டு பேரையும் சும்மா விடமாட்டார் என்றேன். அவருக்கும் இன்ஸ்பெக்டரிடம் பயம்தான். சீக்கிரம் முடியுங்கள் என்றார்.

சங்கரலிங்கத்தை மட்டும் உள்ளே கூப்பிட்டேன். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. இந்த வயதில் ஸ்டேஷன் படி ஏற வைத்துவிட்டாளே என்று சொல்லிக்கொண்டே வந்தார். இன்ஸ்பெக்டரைப் போலவே பக்கத்தில் நாற்காலி போட்டேன். போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து ஓடவிட்டேன். பாடை சரிகிற இடத்தில் பெண்கள் அலறுகிற சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். முடிந்ததும் தாளை நகர்த்தினேன். பேனாவை நீட்டினேன்.

"உங்கள நோகடிச்ச வார்த்தைய எழுதுங்கய்யா. அந்தப் பிள்ளை சொன்னபடியே."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தார். அழகான கையெழுத்து. சர்வேயர் வந்து அளந்து இது பொதுப் பாதை என்று எழுதியவர் அங்கேயே நின்றுவிட்டார். பேனா தாளிலிருந்து எழவில்லை. மை ஊறிப் புள்ளி பெரிதானது.

"இத என் கையால எழுதினா, நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிராதா ஏட்டம்மா?"

"அது வேண்டாம்னா வேற வார்த்தைய எழுதுங்கய்யா. உங்க சாதியச் சொல்லியிருந்தா அத எழுதுங்க. உங்கள வஞ்சிருந்தா, திட்டியிருந்தா அத எழுதுங்க."

அவர் யோசித்தார். இன்னொரு தடவை ஓடவிடச் சொன்னார். விட்டேன். அவர் உதடு அவள் பேசியதைக் கூடவே முணுமுணுத்தது. ஏதாவது கிடைக்காதா என்று தேடுகிறார் என்று தெரிந்தது.

"வையலியே" என்றார் கடைசியில். சொல்லும்போதே ஏமாந்துபோன மாதிரி இருந்தது. "ஐயான்னுதான் சொல்லுது. ஆனா ஊரு பூராம் பாத்துட்டாகளே."

"பாத்தாகதான்யா. அதுக்குச் செக்சன் இல்ல."

நான்தான் அதைச் சொன்னேன் என்று என்னாலேயே நம்ப முடியவில்லை. அவர் என்னை வெறித்துப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வெளியே போய், இன்ஸ்பெக்டர் வரட்டும், அவரிடம் பேசிக்கொள்ளலாம் என்று கூட்டத்தாரிடம் சொன்னார். கொஞ்ச நேரம் முணுமுணுப்பு இருந்தது. பிறகு டிராக்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. நான் பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

இன்ஸ்பெக்டர் மத்தியானம் அனுமதியோடு வந்தார். முறைப்படி விசாரித்து, முகாந்திரம் இல்லை, வேண்டுமானால் அவதூறுக்கு நீதிமன்றம் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார். சங்கரலிங்கம் போகவில்லை. நடந்ததை உதவி ஆய்வாளர் சொன்னபோது இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அந்தப் பிள்ளையோட வெரிஃபிகேஷனை இன்னைக்கே அனுப்பிருங்கம்மா என்றார். வழக்கு ஏதும் இல்லை என்று நான் எழுதினேன். அடுத்த மாதம் அவருக்கு வெகுதூரத்துக்கு மாறுதல் வந்தது. இதற்காகத்தானா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் அவர், எந்த ஆர்டரில் அப்படி எழுதியிருக்கிறது என்றுதான் கேட்டிருப்பார்.

போன மாதம் பிரஷர் பார்க்க அரசு மருத்துவமனைக்குப் போனேன். கையில் பட்டையைச் சுற்றிய நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பவித்ரா. வெள்ளை உடையில் ஆளே மாறியிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா நன்றாக இருக்கிறாரா என்று கேட்டேன். இருக்கிறார் என்றாள். வேலி என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"கொஞ்சம் நகத்திப் போட்டிருக்காகம்மா. ஆளு போகலாம். பாடை போகாது."

மறுபடி ஒரு வீடியோ போட வேண்டியதுதானே என்று கேட்டுவிட்டேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். அந்தப் பார்வையும் எனக்குப் பழக்கமானதுதான்.

"நான் இப்ப கவர்மெண்டு ஸ்டாஃப் ஆயிட்டேன்லம்மா. அதிகாரிக நடவடிக்கை எடுக்கலன்னு நான் பேசினா, நடத்தை விதியில பிடிச்சிருவாக." பட்டையில் காற்றை ஏற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "நீங்கதான் ரிட்டையர்டு ஆயிட்டீகளே" என்றாள்.

பிரஷர் கூடுதலாக இருந்தது.

இதை எழுதி முடிக்கத் தயங்கித் தயங்கி நாட்கள் போய்விட்டன. வருகிற பென்ஷனை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தால் என்ன என்று வீட்டுக்காரர் கேட்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பயம் இப்போதும் போகவில்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன், வேலியை மாற்றவில்லை. அந்த ஊர்க்காரர்கள் படித்தால் தெரிந்துகொள்வார்கள். சர்வேயர் அளந்து பொதுப் பாதை என்று சொன்ன இடத்தில் அது இன்னும் நிற்கிறது. எடுக்க வேண்டியவர்கள் எடுக்கவில்லை, எடுக்கச் சொல்ல வேண்டிய அதிகாரிகளும் சொல்லவில்லை. இதில் எந்த வார்த்தையாவது யாரையாவது நோகடித்தால் நிலையத்துக்கு வரட்டும். பாலவனத்தத்துக்காரி வெள்ளைத்தாளும் பேனாவும் தருவாள்.